நூறு பக்கம் வரை பொறுக்கலாமா?
மிகுபுனைவு நாவல்கள் பற்றி வாசகர் கேள்வி பதில்

கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒரே புகார்தான் திரும்பத் திரும்ப வருகிறது: "இந்த வகை நாவல்கள் நகரவே மாட்டேன் என்கின்றன." எனவே மிகுபுனைவில் (ஃபேன்டசி) மெதுவானவை, அடர்த்தியானவை பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

மெர்வின் பீக்கின் 'டைட்டஸ் குரோன்' நாவலைப் பலர் புகழ்ந்ததால் வாங்கினேன். எண்பது பக்கம் தாண்டியும் கோட்டை, தூசி, படிக்கட்டு தவிர எதுவும் வரவில்லை. மந்திரம் இல்லை, போர் இல்லை. எதற்காகத் தொடர வேண்டும்?
- வாசகி, செந்தூல்

மந்திரம் கடைசி வரை வராது. முன்பே யாராவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். 1946-இல் வந்த இந்த நாவலில் மாயவாளும் இல்லை, டிராகனும் இல்லை. கற்பனை முழுவதும் ஒரே ஓர் இடத்தின்மேல் செலவழிக்கப்பட்டிருக்கிறது. கோர்மென்காஸ்ட் என்ற அந்தக் கோட்டையில் பிரபு காலையில் எந்தப் படியில் இறங்க வேண்டும், எந்தக் கோப்பையை எங்கே வைக்க வேண்டும் என்பதெல்லாம் ஏட்டில் எழுதியபடி நடக்கும். ஏன் என்று கேட்கும் ஆள் இல்லை. டைட்டஸ் தொடக்கத்தில் பிறக்கிறான். நாவல் முடியும்போது அவனுக்கு இரண்டு வயதுகூட நிரம்பியிருக்காது. நாயகன் என்ன செய்யப் போகிறான் என்று காத்திருந்தால் ஐந்நூறு பக்கமும் வீண்.

காத்திருக்க வேண்டியது ஸ்டியர்பைக்குக்காக. சமையற்கட்டிலிருந்து தப்பி ஓடுகிற பதினேழு வயதுப் பையன். ஓர் அறைக்குள் அடைக்கப்பட்டு, ஜன்னல் வழியே வெளியேறி, கோட்டையின் கூரைகள் மேல் நாள் முழுவதும் ஏறித் திரிவான். அந்தக் கூரைப் பயணம்தான் இந்த நாவலின் நுழைவாயில். அதுவரை வந்த கல் நடைபாதைகளும் அடுக்களை ஆவியும் எதற்கு என்பது அங்கே விளங்கும். எத்தனை உயரம், எத்தனை பழமை, கால் இடறினால் எங்கே விழுவான் என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருப்பதால்தான் அந்தப் பக்கங்களில் மூச்சு முட்டுகிறது. முதல் எண்பது பக்கத்தைத் தாவியவருக்கு அது ஒரு பையன் ஓடு ஏறுகிற காட்சி, அவ்வளவுதான்.

எப்படிப் படிப்பது? அத்தியாயங்கள் சிறியவை, ஒவ்வொன்றுக்கும் தலைப்பு உண்டு. ஓர் அமர்வுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஒவ்வொன்றும் முடிந்ததும் மூன்று விஷயம் மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள்: வெளிச்சம் எங்கிருந்து வந்தது, என்ன சத்தம் கேட்டது, யார் யாருக்குப் பயப்படுகிறார்கள். பீக் தொழில்முறை ஓவியர். முதலில் ஒளியும் நிழலும் வரும், அதற்குள்தான் மனிதர்கள் நடந்து வருவார்கள். சத்தத்துக்கு ஓர் உதாரணம்: ஃப்ளே என்ற பணியாளர் நடந்தால் முழங்கால் சொடுக்கும். முதலில் அது வேடிக்கை. பல நூறு பக்கம் கழித்து ஓர் இரவில் அவரே முழங்காலில் துணியைச் சுற்றி அந்தச் சத்தத்தை அடக்குகிறார். அந்த ஒரு செயலிலேயே என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்துவிடும். ஆசிரியர் தனியாக எச்சரிக்க வேண்டியதில்லை.

பெரும்பாலோர் தவறுகிற இடம், வருணனையைத் தாண்டி உரையாடலுக்குப் போவது. துப்பறியும் நாவலில் அது செல்லும், ஏனெனில் அங்கே தகவல் பேச்சில் இருக்கிறது. பீக்கின் பாத்திரங்கள் பேசுவது பெரும்பாலும் சடங்கும் கோமாளித்தனமும். கதை வருணனையில்தான் நகர்கிறது. உரையாடலை மட்டும் படித்துப்போனால் ஒன்றும் நடக்காதது போலத்தான் தோன்றும்.

கூரைப் பயணத்தைப் படித்து முடித்தும் பிடிக்கவில்லையென்றால் தயங்காமல் மூடிவிடுங்கள். அதற்குப் பிறகு உங்களை இழுக்கப் புதிதாக எதுவும் வராது.

எல்ஆர்டியில் போய்வரும் நேரத்தில் இவற்றைப் படிக்கலாமா?
- வாசகர், கிளானா ஜெயா

இரண்டாம் முறை படிப்பதற்கு அது சரி. முதல் முறைக்கு வேண்டாம். இந்த நாவல்களில் முதல் பத்து நிமிடம் அந்த இடத்துக்குள் திரும்பிப் போவதிலேயே கழிந்துவிடும். அடுத்த இருபது நிமிடம்தான் உண்மையான வாசிப்பு. மஸ்ஜிட் ஜாமெக்கில் ரயில் மாறும்போது பிடி நழுவும். வீட்டில் முப்பது நிமிடம், கைபேசி வேறு அறையில். பினாங்கு வாசகர்கள் ஃபெரியைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறோம்: அது இன்னும் குறுகிய பயணம்.

ஜீன் வுல்ஃப் எழுதிய 'தி புக் ஆஃப் தி நியூ சன்' முதல் பாகத்தில் பக்கத்துக்கு ஐந்து சொல் தெரியவில்லை. அகராதியோடு உட்கார்ந்தால் கதை அறுந்துபோகிறது.
- கல்லூரி மாணவர், ஜார்ஜ்டவுன்

அகராதியை மூடுங்கள். 1980 முதல் 1983 வரை நான்கு பாகமாக வந்த இந்த நாவலில் வரும் விசித்திரமான சொற்கள் ஆசிரியர் புதிதாக உருவாக்கியவை அல்ல, வழக்கொழிந்த பழஞ்சொற்கள். விலங்கின் பெயரா, பதவியின் பெயரா, ஆயுதமா என்பது வாக்கியத்திலேயே தெரியும். அது போதும். ஒரு சொல் மூன்றாம் முறை வந்து, அதில் கதை தொங்குகிறது என்று தோன்றினால் மட்டும் தேடிப் பாருங்கள்.

சொல்லைவிட முக்கியமான சிக்கல் ஒன்று இதில் இருக்கிறது. கதை சொல்லும் செவேரியன் தனக்கு எதுவும் மறக்காது என்கிறான். மறக்காது, சரி, ஆனால் பார்ப்பது என்னவென்று அவனுக்கு எப்போதும் புரிவதில்லை. முதல் பாகத்தில் ஓர் ஓவியத்தைச் சுத்தம் செய்கிற கிழவர் வருகிறார். அந்த ஓவியத்தில் வறண்ட நிலத்தில் கவசம் பூண்ட ஓர் உருவம். கையில் ஆயுதம் இல்லை, விறைத்து நிற்கும் கொடி. தலைக்கவசத்தின் முகப்பு முழுவதும் பொன், கண்ணுக்குத் துளைகூட இல்லை, அதில் அந்தப் பாலை பிரதிபலிக்கிறது. செவேரியன் அதைப் பார்த்துவிட்டுக் கடந்து போகிறான். அது யார், எந்த இடம் என்று ஒரு கணம் யோசித்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். கதை நடப்பது எத்தனை தொலைவான எதிர்காலத்தில் என்பதும் அப்போதுதான் புரியும். ஆசிரியர் விளக்கமே தர மாட்டார். பதில் கையில் தரப்படுவதற்கும் நாமே கண்டுபிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இவ்வகை நாவல்களின் சுவை. நாங்கள் இவற்றைப் பரிந்துரைப்பதற்கு முதற்காரணமும் இதுவே.

குறிப்பு எடுப்பதானால் ஒரே ஒரு தாள். இடப்பக்கம் பெயர்கள், வலப்பக்கம் 'செவேரியன் சொன்னது, ஆனால் பொருந்தாதது'. வலப்பக்கம் நிரம்ப நிரம்ப நாவல் வேறாகிக்கொண்டே போகும். நான்கு பாகங்களும் ஒரே நாவல். முதல் பாகத்தோடு நிறுத்தினால் கதை நடுவழியில் நிற்கும். பாகங்களுக்கு இடையே மாதக்கணக்கில் இடைவெளி விட்டாலும் முன்னே படித்தது நினைவிலிருந்து போய்விடும்.

எனக்கு ஆங்கிலம் சுமார். தமிழிலேயே இப்படிப்பட்ட நாவல்கள் உண்டா? எந்த வரிசையில் படிப்பது?
- இல்லத்தரசி, பிரிக்பீல்ட்ஸ்

உண்டு. நாவலில் தொடங்க வேண்டாம். முதலில் புதுமைப்பித்தனின் 'கபாடபுரம்', 'பிரம்ம ராக்ஷஸ்' என்ற இரண்டு சிறுகதைகள். ஒவ்வொன்றையும் ஓர் அமர்வில் முடிக்கலாம். விளக்கம் தராமல் ஓர் உலகத்துக்குள் தள்ளிவிடும் முறை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று இவற்றிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து மணிமேகலை. உரையோடு கூடிய பதிப்பாக வாங்குங்கள். முப்பது காதையும் படிக்க வேண்டும் என்பதில்லை. ஆறாவதான சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையை மட்டும் எடுங்கள். புகார் நகரத்துச் சுடுகாடு அங்கே எப்படி எழுப்பப்படுகிறது என்று கவனியுங்கள்: மதில், வாயில்கள், எந்த மரத்தடியில் எது, சுடுவோர், இடுவோர், தாழியில் கவிப்போர், இரவின் ஒலிகள். முழு இடமும் கண்முன் நின்ற பிறகுதான் சார்ங்கலன் என்ற சிறுவன் அதற்குள் தனியே நுழைகிறான். பேயைக் கண்ட அச்சத்திலேயே உயிர் விடுகிறான். அவனை மீட்டுத் தரும்படி தாய் கோதமை சம்பாபதி தெய்வத்திடம் மன்றாடுகிறாள். இடத்தை முதலில் கட்டி, ஆளைப் பிறகு அனுப்பும் இந்த உத்தியைத்தான் மேலே பீக்கிடமும் பார்த்தோம். இன்னொன்று: அமுதசுரபியை முதலில் பெற்ற ஆபுத்திரன் மறுபிறவி எடுப்பது சாவக நாட்டில் (ஜாவா என்பர்); மணிமேகலை அங்கே வான்வழியே போகிறாள். நம் வட்டாரத்துக் கடல்கள் தமிழ்க் கற்பனைக்குள் அவ்வளவு முன்பே வந்துவிட்டன.

இதன் பிறகு ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997). ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என மூன்று பகுதிகள். முதல் பகுதியில்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள், அதற்குக் காரணமும் உண்டு: ஒரு திருவிழா நகரம் முழுவதும் ஒரே நேரத்தில் உங்கள்மேல் இறங்குகிறது. பூசகர், சிற்பி, கணிகை, கவிஞர், யானைப்பாகன் என்று பெயர்கள் குவியும். யாரையும் நினைவில் வைக்க முயல வேண்டாம். திரும்ப வர வேண்டியவர் தாமே வருவார். ஒரு பென்சிலால் கோபுரம், ஆறு, வீதிகள் எந்தத் திசையில் என்று மட்டும் கோட்டுப்படம் போட்டுக்கொள்ளுங்கள்.

காலம் நேராக ஓடவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டாம் பகுதி முதல் பகுதிக்கு முந்தைய காலத்துக்குப் போகிறது. முதலில் புராணமாகக் கேள்விப்பட்ட பெயர், இரண்டாம் பகுதியில் ஞானசபையில் வாதாடுகிற, களைத்துப்போகிற மனிதனாக வந்து நிற்கும். நடந்தது எப்படித் தொன்மமாகத் திரிகிறது என்பதைப் பக்கம் திருப்பித் திருப்பி ஒப்பிடுவதுதான் இந்த நாவலின் பெரிய சுவை. இரண்டாம் பகுதியின் தத்துவ விவாதம் கனமானது. நாளுக்குப் பத்துப் பக்கம், அதற்குமேல் வேண்டாம். யார் எந்தத் தரப்பு என்று ஓரத்தில் ஓர் எழுத்துப் போட்டுக்கொண்டால் வாதம் குழம்பாது. அதையும் தாண்டிவிட்டால் மூன்றாம் பகுதி தானே இழுத்துச் செல்லும்.

கடைசியாக, பா. வெங்கடேசனின் 'தாண்டவராயன் கதை' (2008). இதில் வாக்கியங்கள் பத்தி நீளம் ஓடும். வாய்விட்டுப் படியுங்கள். ஒவ்வொரு வினையெச்சத்திலும் மூச்சு விட்டு, வினைமுற்று வரும்வரை கையை எடுக்காமல் போனால் வாக்கியம் தானே அவிழும். கண்ணால் மட்டும் மேய்ந்தால் பாதியில் எழுவாயைத் தொலைத்துவிடுவீர்கள். நேரே இதற்குப் போகத் தயங்கினால் அவருடைய 'ராஜன் மகள்' குறுநாவல்கள் நல்ல பயிற்சி.

மகளுக்குப் பதின்மூன்று வயது. தொடர் தொடராக மந்திரக் கதைகளை இரண்டே நாளில் விழுங்குகிறாள். அடுத்து எதைக் கொடுக்கலாம்?
- தமிழ்ப்பள்ளி ஆசிரியர், பட்டர்வொர்த்

உர்சுலா லெ குவினின் 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' (1968), அதன் பிறகு 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' (1971). இரண்டும் மெலிந்த புத்தகங்கள், மிரட்டாது. முதல் நாவலின் நாயகன் செம்பழுப்பு நிறத்தவன். பழைய பதிப்புகளின் அட்டைகள் பலவற்றில் அவனை வெளுப்பாக்கிவிட்டார்கள்; அட்டையை நம்ப வேண்டாம். இரண்டாவது நாவலில் ஒரு சிறுமி பூமிக்கடியிலுள்ள இருட்டு வளாகத்துக்குப் பூசாரிணி ஆக்கப்படுகிறாள். கல்லறைகளின் அடியில் விளக்கு ஏற்றுவது பெருங்குற்றம். சுவரைத் தடவி, திருப்பங்களை எண்ணி வழியை மனனம் செய்கிறாள். படிப்பவரும் கூடவே எண்ணத் தொடங்குவார். இரண்டு நாளில் விழுங்குகிற பிள்ளை தானாகவே வேகம் குறைக்கும் புத்தகம் இது. "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். "அந்த வழியை வரைந்து காட்டு" என்று கேளுங்கள்.

சுசன்னா கிளார்க்கின் 'ஜோனதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நோரல்' நாவலில் அடிக்குறிப்புகளைத் தாண்டலாமா?
- வாசகர், செராஸ்

நூல் பெயர் மட்டும் உள்ள ஒற்றை வரிக் குறிப்புகளைத் தாண்டலாம். நீளமானவற்றைத் தாண்டக் கூடாது. ஏறத்தாழ இருநூறு அடிக்குறிப்புகளில் பல தனிச் சிறுகதைகள். கதையில் அடிக்கடி பேசப்படும் மந்திரவாதி அரசனான காக்கை மன்னனின் வரலாற்றில் பெரும்பகுதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. கைபேசியில் படிப்பவர்களுக்கு இந்த நாவல் ஒத்துவராது. ஒரு பக்கத்தைத் தாண்டி ஓடும் குறிப்பு சிறு கட்டத்தில் திறந்து, மூடியதும் இடம் தொலையும். அச்சுப் பிரதி வாங்குங்கள், கை வலித்தாலும்.

எங்கள் வாசிப்புக் குழுவில் ஆறு பேர். ஒரே மாதத்தில் முடிக்கக்கூடிய ஒரு நாவலும், நடத்தும் முறையும் சொல்லுங்கள்.
- குழு ஒருங்கிணைப்பாளர், பாயான் லெப்பாஸ்

அதே சுசன்னா கிளார்க்கின் 'பிரானேசி' (2020). 2021-இன் மகளிர் புனைகதைப் பரிசு பெற்றது. ஏறத்தாழ 250 பக்கம், ஏழு பகுதிகள். எல்லையற்ற மண்டபங்கள், சிலைகள், கீழ்த்தளத்தில் கடல், மேல்தளத்தில் மேகம். அங்கே வாழ்கிற ஒருவனின் நாட்குறிப்பு.

பின்னட்டையையும் இணைய விமர்சனங்களையும் யாரும் படிக்கக் கூடாது என்பது முதல் விதி. நான்கு வாரம், நான்கு சந்திப்பு. முதல் சந்திப்புக்கு இரண்டு பகுதிகள் மட்டும். ஆர்வத்தில் முன்னே ஓடியவர்கள் அன்று வாய் திறக்கக் கூடாது. முதல் சந்திப்பில் "அடுத்து என்ன நடக்கும்" என்று விவாதித்தால் கூட்டம் ஊகப் போட்டியாக முடியும். "நமக்குத் தெரிந்து அவனுக்குத் தெரியாதவை எவை" என்று கேளுங்கள். அவனுக்கு எல்லாப் பொருளின் பெயரும் தெரியும், ஆனால் அவை எங்கிருந்து வந்தன என்று கேட்பதே இல்லை. தேதி எழுதும் முறையை ஒருவர் தொடர்ந்து கவனிக்கட்டும், அலை வரும் நேரங்களை இன்னொருவர். அலைக் கணக்கு அலங்காரமில்லை. பிற்பகுதியில் உயிர் அதில்தான் நிற்கிறது. கடைசிச் சந்திப்பில் முதல் ஐந்து பக்கத்தைச் சத்தமாக மறுபடி படியுங்கள். அதற்கு அரை மணி ஒதுக்குங்கள், பேச்சு தானே வரும்.

மலேசியாவைக் களமாகக் கொண்டவை?
- வாசகி, ஆயர் ஈத்தாம்

ஸென் சோவின் 'பிளாக் வாட்டர் சிஸ்டர்' (2021) உங்கள் ஊரிலேயே நடக்கிறது. அமெரிக்காவிலிருந்து ஜார்ஜ்டவுன் திரும்பும் பெண்ணின் காதில் இறந்துபோன பாட்டி பேசத் தொடங்குகிறாள். பாட்டி உயிரோடிருந்தபோது சாமியாடி. யாங்ஷி சூவின் 'தி கோஸ்ட் பிரைட்' (2013) 1893-ஆம் ஆண்டு மலாக்காவில் நடக்கிறது. இரண்டும் கடினமான நூல்கள் அல்ல. பழக்கமான தெருவில் ஆவி நடமாடும்போது அடையாளம் தெரியாத கோட்டையைவிட விரைவில் ஒட்டிக்கொள்ளும்; அந்த வகையில் நல்ல தொடக்கம்.

எங்கே வாங்குவது? விலை கட்டுப்படியாகவில்லை.
- வாசகர், கெப்போங்

புதியவற்றுக்குக் கேஎல்சிசி கினோகுனியா. பழையவற்றுக்குப் பினாங்கு சௌராஸ்தா சந்தையின் மேல்தளப் புத்தகக் கடைகள். பொறுமையாகத் தேட வேண்டும். 1970, 80-களின் மலிவு அட்டைப் பதிப்புகளில் முதுகுப் பசை காய்ந்திருக்கும். நடுவில் விரித்துப் பார்த்து, வெடித்தால் வைத்துவிடுங்கள். பூஞ்சை வாடை அடிப்பதை விலை குறைந்தாலும் வாங்க வேண்டாம், அலமாரியில் மற்றதற்கும் பரவும். தமிழ் நூல்களுக்கு, ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறவரிடம் சொல்லி வைப்பது மலிவு. 'விஷ்ணுபுரம்' போன்றவை எடை அதிகம். ஒருவரிடம் ஒன்றுக்குமேல் கேட்டால் உறவு கெடும். வருமான வரி கட்டுபவர்கள் ரசீதை வைத்திருங்கள்: புத்தகச் செலவு 2,500 ரிங்கிட் வரையிலான வாழ்க்கைமுறைக் கழிவில் சேரும், இணையக் கட்டணம், கணினி ஆகியவற்றோடு சேர்த்து.

கடினமான நாவலுக்கும் மோசமாக எழுதப்பட்ட நாவலுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? எனக்குப் புரியவில்லை என்றால் என் குறையா, அவர் குறையா?
- பொறியாளர், சுபாங் ஜெயா

ஐம்பதாம் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தி, பத்தாம் பக்கத்தை மறுபடி படியுங்கள். முதலில் அர்த்தமில்லாமல் போன ஒரு வரியாவது இப்போது பேசினால் அந்த நாவல் திட்டத்தோடு எழுதப்பட்டது, தொடரலாம். பத்தாம் பக்கம் முன்பு இருந்தபடியே இருந்தால், அது வெறும் மூட்டம். இரண்டாவது சோதனை: மூடுபனி, நிலவு, பாழடைந்த மண்டபம் என்று வருகிற வருணனையை எடுத்துவிட்டு அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். பாத்திரம் செய்வது எதுவும் மாறவில்லையென்றால் வருணனை ஒப்பனைதான். நல்ல நூலில் பனி இறங்கினால் யாராவது வழி தவறுவார்கள்.

உங்கள் குறை என்று எதுவும் இல்லை. ஆனால் களைத்த மூளையோடு இரவு பதினொரு மணிக்குப் படித்துவிட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

"கதைப் புத்தகத்துக்கு இவ்வளவு பாடா?" என்று கணவர் கேட்கிறார்.
- வாசகி, பத்துமலை

அவர் பந்து பார்க்க விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்திருப்பதில்லையா?

பீக்கின் மூன்றாம் பாகத்தையும் சேர்த்து வாங்க வேண்டுமா?
- வாசகர், பிறை

முதல் இரண்டு போதும். இரண்டாவதான 'கோர்மென்காஸ்ட்' (1950) முதலாவதைவிட விறுவிறுப்பு, பெருவெள்ளத்தோடு முடியும். மூன்றாவதான 'டைட்டஸ் அலோன்' (1959) எழுதும்போது பீக் கடுமையாக நோயுற்றிருந்தார். அத்தியாயங்கள் சில வரிகளில் முடியும், கோட்டையும் இராது. வாங்கத்தான் வேண்டும் என்றால், கைப்பிரதியை வைத்துச் சீர்செய்து 1970-இல் வந்த வடிவத்தைப் பின்பற்றும் பதிப்பா என்று முன்பக்கத்தில் பார்த்து வாங்குங்கள்.